பல் போன நாயும் நம் பிள்ளைகளின் கையிலுள்ள கல்லும்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள், பதில் சொல்லத் தயார்.

நம் பகுதியில் நாய்களைப் பற்றி மூன்று கதைகள் சுற்றுகின்றன. ஒன்று, பல் விழுந்து வாயில் நீர் வடியும் நாய் விசர் நாய். இரண்டு, பல் இல்லாத நாய் கடித்தால் பாதகமில்லை, ஊசி தேவையில்லை. மூன்று, நாய் நஜீஸ், ஆகவே கல்லெறிந்தால் குற்றமில்லை. முதலாவது அநியாயம். இரண்டாவது உயிராபத்து. மூன்றாவது மார்க்கத்தின் பெயரில் சொல்லும் பொய். இந்த மூன்றையும் நம் பிள்ளைகள் வகுப்பறை வரைக்கும் கொண்டுவருகிறார்கள். அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் பல்லைப் பற்றிப் பேசுவோம்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். குட்டிக்கு 28 பாற்பற்கள். நாலு மாதம் முதல் ஏழு மாதத்துக்குள் அவை விழுந்து புதுப்பல் முளைக்கும். அந்த வயதுக் குட்டியின் வாயில் இடைவெளி தெரிந்தால் அது நோயல்ல, வளர்ச்சி. சில நாய்களுக்குப் பிறப்பிலேயே பல் குறைவு. மெக்சிக்கோவின் முடியில்லாத நாய் இனத்தில் முடியைக் குறைக்கும் அதே மரபணு மாற்றம் பல்லையும் குறைத்துவிடுகிறது. அது அல்லாஹ்வின் படைப்பு.

ஆனால் நம் தெருவில் நிற்கும் நாய்கள் மெக்சிக்கோவிலிருந்து வந்தவை அல்ல. அவற்றின் பல் போவதற்குக் காரணங்கள் வேறு.

பெரிய காரணம் முரசு நோய். பல்லில் படியும் அழுக்கு கல்லாக இறுகி, முரசு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, பல் ஆடி விழுகிறது. மூன்று வயதாகும்போதே பெரும்பாலான நாய்களிடம் இது தொடங்கிவிடும். வீட்டில் செல்லமாக வளரும் பொமரேனியன் போன்ற சின்ன நாய்களுக்கு இன்னும் அதிகம். குட்டிப் பருவத்தில் டிஸ்டெம்பர் நோய் வந்து பிழைத்த நாய்க்குப் பல்லின் எனாமல் சரியாக உருவாகாது. அந்தப் பல் சீக்கிரமே தேயும், உடையும்.

அடுத்தது சங்கிலி. இரவு பகலாகக் கட்டிப்போட்ட நாய், சங்கிலியையும் கூட்டின் கம்பியையும் கடித்துக் கடித்துக் கோரைப்பல்லைத் தேய்த்துக்கொள்கிறது. காவலுக்கு வளர்க்கிறோம் என்பவர்கள் அதன் வாயை ஒருமுறை திறந்து பாருங்கள்.

அடுத்தது எலும்பு. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் முற்றிய மாட்டுக் கால் எலும்பைத் தெருவோரம் வீசிவிட்டு, நாய்க்குச் சாப்பாடு போட்டதாக நினைக்கிறோம். அவ்வளவு கடினமான எலும்பைக் கடித்தால் இறைச்சி வெட்டும் பெரிய கடைவாய்ப்பல் பிளந்துவிடும். நரம்பு வெளியே தெரியும், சீழ் கட்டும், வாயில் நீர் வடியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் “விசர் நாய்” என்று கத்துகிறார்கள்.

கடைசிக் காரணம் கல். பொல்லு. வாகனம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

அப்படியானால் நீர் வடியும் எந்த நாய்க்கும் பயப்பட வேண்டாமா? பயப்படத்தான் வேண்டும். விசர் பிடித்த நாயின் தாடை தொங்கி நீர் வடிவதும் உண்மை. தூரத்தில் நின்று நாம் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் யாரும் கிட்டப் போகாதீர்கள், வாய்க்குள் கைவிடாதீர்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள். விலகி நிற்பது புத்தி. கல்லெறிவது புத்தியல்ல. வலியில் நிற்கும் மிருகம் திருப்பிக் கடிக்கும். கடிபடுவது அநேகமாகக் கல்லெறிந்தவனாக இருக்காது, பின்னால் வரும் சின்னப் பிள்ளையாக இருக்கும்.

இரண்டாவது கதைக்கு வருவோம். விசர் நோய்க் கிருமி இருப்பது எச்சிலில். ஒரு பல் மட்டும் மிஞ்சியிருந்தாலும் தோலைக் கிழிக்கப் போதும். பல்லே இல்லாத நாய் காயத்தில் நக்கினாலும் ஆபத்துத்தான். சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம்.

1973இல் இந்த நாட்டில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது சில பத்துக்களாகக் குறைந்திருக்கிறது. குறைத்தது கல்லா? நாய்களுக்குப் போட்ட தடுப்பூசியும், கடிபட்டவர்களுக்குக் கொடுத்த சிகிச்சையும். கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் வழக்கத்தை 2006இல் அரசாங்கம் கைவிட்டது. அதன் பிறகும் மரணங்கள் குறைந்துதான் வந்தன.

இனி மூன்றாவது. நம்மில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறோம். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண்ணால். அவ்வளவுதான் சட்டம். கழுவு என்று சொன்ன மார்க்கம் அடி என்று எங்கே சொன்னது? தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலணியில் தண்ணீர் மொண்டு வந்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் சூரத்துல் கஹ்ஃப் ஓதுகிறோம். குகைவாசிகளோடு வாசலில் படுத்திருந்த நாயை அல்லாஹ் அதில் குறிப்பிடுகிறான். அதை ஓதிவிட்டு வெளியே வரும் பிள்ளை பள்ளிவாசல் படிக்கருகே கல்லைப் பொறுக்கினால், நாம் ஓதிக்கொடுத்தது என்ன?

நாட்டின் மிருகவதைச் சட்டம் 1907ஆம் ஆண்டையது. அதில் போட்ட அபராதத்தின் உச்சம் நூறு ரூபாய். இன்று அதற்கு ஒரு கொத்துறொட்டிகூட வராது. சட்டம் தடுக்கும் என்று காத்திருக்க முடியாது. வீடும் மத்ரஸாவும் பாடசாலையும்தான் தடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2018 மார்ச்சில் திகனயிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கல் என்றால் என்ன என்று நாம் பார்த்தோம். எறிகிறவன் கையில் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்ட ஊரின் பிள்ளைகள், பதில் சொல்ல வாயில்லாத ஜீவனின் மேல் கைபழகக் கூடாது.

நாம் கேட்பது பெரிதல்ல. எலும்பைத் தெருவில் வீசாமல் புதையுங்கள். வளர்க்கும் நாய்க்கு வருடாந்தத் தடுப்பூசி போடுங்கள், சங்கிலியை அவிழ்க்க ஒரு நேரம் வையுங்கள். நோயுற்ற நாயைக் காட்டப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலை தூரமில்லை. கதீப்மார் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசட்டும். பிள்ளையின் கையில் கல்லைக் கண்டால் வாப்பாமார் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அந்த இடத்திலேயே கீழே போடச் சொல்லுங்கள்.