கிழிவது பிட்ச்சரின் கை, குறைவது யாருக்கு?

1974 ஜூலை 17. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியில் பந்தெறியும் இடதுகை பிட்ச்சர் டாமி ஜான், 13 வெற்றி, 3 தோல்வி என்று அந்த சீசனில் உச்சத்தில் இருந்தார். மாண்ட்ரியாலுக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு பந்தை எறிந்ததும் முழங்கையில் ஏதோ விட்டுப்போனது. இன்னொன்று எறிந்து பார்த்தார். கை கேட்கவில்லை. முழங்கை ஜவ்வு கிழிந்த பிட்ச்சர் வேறு பிழைப்பைத் தேட வேண்டியதுதான் என்பது அந்தக் காலத்து நிலைமை.

டாக்டர் ஃபிராங்க் ஜோப் செப்டம்பரில் ஒரு துணிச்சலான வேலை செய்தார். ஜானின் வலது கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டு, அதன் வழியே கோத்துக் கட்டினார். தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பது அவரே போட்ட கணக்கு. நரம்பு பாதித்து விரல்கள் மடங்கிக்கொண்டதால் மறுபடியும் கத்தி வைக்க வேண்டியிருந்தது. 1975 முழுவதும் ஜான் ஆடவில்லை. 1976இல் திரும்பினார், அடுத்த ஆண்டே 20 ஆட்டங்களில் வென்றார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவை.

இன்று அந்தச் சிகிச்சைக்கே 'டாமி ஜான்' என்றுதான் பெயர். அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கின் பிட்ச்சர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் அதைச் செய்துகொண்டவர். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். மருத்துவத்தின் வெற்றி, ஆட்டத்தை நடத்துபவர்களின் அலட்சியத்துக்கு வசதியாகிவிட்டது. கிழிந்தால் தைத்துக்கொள்ளலாமே!

பந்தும் எறிந்து மட்டையும் பிடிக்கும் ஷோஹெய் ஓட்டானியைக் காட்டி வாயடைப்பார்கள். 2018இல் ஓர் அறுவை சிகிச்சை, 2023இல் இன்னொன்று. 2025 ஜூனில் மீண்டும் பந்தெறிய வந்தார். அக்டோபரில் மில்வாக்கிக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் 10 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, அதே இரவில் 3 ஹோம் ரன்னும் அடித்தார். பிரமிப்புதான். ஆனால் கை ஆறிய காலத்திலும் அவருக்கு மட்டை இருந்தது. 2024 சீசனில் ஒரு பந்துகூட எறியாமல் 54 ஹோம் ரன் அடித்தவர் அவர். பத்து ஆண்டுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தமும் கையில் இருந்தது.

பந்தெறிவதை விட்டால் வேறொன்றும் இல்லாதவன் என்ன செய்வான்? உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறி வீரர் ரிங்கு சிங், ஒரு டிவி போட்டியில் வென்று 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் அமைப்பில் சேர்ந்தார். அவர் கதையை 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று ஹாலிவுட் படமாக்கியது. இசை நம் ஏ.ஆர்.ரஹ்மான். 2014இல் படம் வெளியானபோது ரிங்கு களத்தில் இல்லை. முழங்கை அறுவை சிகிச்சையும் தொடர்ந்த காயங்களும் ஆண்டுகளைத் தின்றன. மேஜர் லீக் வாசலை மிதிக்காமலேயே அவர் மல்யுத்த மேடைக்குப் போனார்.

ஆபரேஷனுக்குப் பிறகு கையை நீட்டி மடக்கப் பழகவே வாரக்கணக்கில் ஆகும். சில மாதம் கழித்து, பக்கத்தில் நிற்பவருக்கு மெதுவாக ஒரு பந்து. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிட்ச்சர் மேட்டில் ஏறி முழு வேகத்தில் எறிய ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் அணியில் அவர் இடத்துக்கு வேறொரு பையன் வந்திருப்பான்.

இத்தனை கைகள் கிழிவதன் காரணம் மர்மமில்லை. மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு, மேலும் மேலும் வேகமாக எறியும் வெறியைத்தான் முதலில் சுட்டியது. 2008இல் மணிக்கு சுமார் 147 கி.மீ. இருந்த சராசரி வேகப்பந்து இப்போது 151ஐத் தாண்டிவிட்டது. வேகம் காட்டுபவனுக்கே ஒப்பந்தம் என்று அணிகள் தேர்ந்தெடுக்கும்போது, பையன்களைக் குறை சொல்லி என்ன பயன்?

சிறுவர்களுக்கு ஆண்டில் நான்கு மாதம் பந்தெறிதலே கூடாது என்கிறது 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டி. வெறும் அறிவுரையாக இருப்பதால், ஆண்டு முழுக்கப் போட்டி நடத்தும் கிளப்புகள் அதைத் தாராளமாக மீறலாம். அதைக் கட்டாய விதியாக்கட்டும். மேஜர் லீக்கில் 26 பேர் கொண்ட அணியில் 13 பிட்ச்சர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒருவர் களைத்தால் அடுத்தவர் தயார் என்பதால் யாரும் நிதானிக்கத் தேவையில்லை. அந்த எண்ணிக்கையை 11 ஆக்கினால், ஏழு இன்னிங்ஸ் தாங்கும்படி எறிபவரைத் தேடிப் பிடிக்க வேண்டிய கட்டாயம் அணிகளுக்கு வரும்.