நரசிங்கராயன்பேட்டை மரணமும் ஒரு சோம்பேறிக் கேள்வியும்

சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டையில், இரண்டாம் ஆங்கில-மைசூர்ப் போரின் நடுவே, 1782 டிசம்பர் 7 அன்று ஹைதர் அலி தம் பாசறையில் இறந்தார். இன்னும் ஓராண்டு அவர் உயிரோடு இருந்திருந்தால் கும்பினியார் சென்னையை விட்டே ஓடியிருப்பர் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. சொல்பவருக்குக் கைதட்டலும் கிடைக்கிறது. சான்று கேட்பார் இல்லை.

'இருந்திருந்தால்' என்னும் வினையெச்சம் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்ற அனைத்தையும் அசையாமல் நிறுத்தி வைக்கும். இலக்கணத்திற்கு அது போதும். வரலாற்றுக்குப் போதாது.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று இறந்தபோது ட்ரூமன் துணை அதிபராகி 82 நாட்களே ஆகியிருந்தன. ஜனவரி 20க்கு முன் அவர் இறந்திருந்தால் பதவி ஹென்றி வாலஸிடம் போயிருக்கும். அங்கே கேள்விக்கு ஒரு தேதி இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது. ஹைதர் குறித்த மேடைப்பேச்சில் இவ்விரண்டும் இல்லை.

தேதியோடு கேட்டுப் பார்க்கலாம். 1782 டிசம்பரில் திப்பு மலபாரில் கும்பினிப் படையை எதிர்கொண்டிருந்தார். ஆகவேதான் மரணம் மறைக்கப்பட்டது. உடல் பெட்டியில் வைக்கப்பட்டுக் கருவூலப் பொருள்போலக் கோலாருக்கு அனுப்பப்பட்டது. இளைய மகன் அப்துல் கரீமை அரியணை ஏற்றும் சதியும் எழுந்து அடங்கியது. பூர்ணையா முதலிய அலுவலர்கள் பாசறையைக் கலையாமல் காத்தனர். சென்னையிலோ ஆளுநர் மெக்கார்ட்னி அவசரப்படுத்தியும் தளபதி ஸ்டூவர்ட்டின் படை உடனே நகரவில்லை. மன்னர் இறந்தார், படை நின்றது. மேடைப்பேச்சாளர்கள் விரும்பும் சோதனையை வரலாறே ஒருமுறை நடத்திக் காட்டிவிட்டது.

அதே மரணம் 1781 செப்டம்பர் 27 அன்று, சோளிங்கபுரம் தோல்வியை ஒட்டி நேர்ந்திருந்தால்? திப்பு அப்போது கர்நாடகப் பகுதியிலேயே இருந்தார். வாரிசுரிமை எளிதாகவே முடிந்திருக்கும். மாற்றம் புனாவில்தான் தெரிந்திருக்கும். அக்டோபர் 13 அன்று மகாதஜி சிந்தியா கும்பினியோடு தனியாகச் சமாதானம் செய்துகொண்டார். சால்பாய் உடன்படிக்கை 1782 மே 17 அன்று கையெழுத்தானது. ஆனால் நானா பட்னவிஸ் அதை உறுதிசெய்யாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். ஹைதர் இறந்த பின்னரே உறுதிசெய்தார். ஹைதர் உயிரோடு இருப்பது புனாவுக்குப் பேரம் பேசும் சரக்கு. அது ஓராண்டு முன்னரே கைநழுவியிருந்தால், கும்பினியின் பம்பாய்ப் படைக்கு மேற்குக் கடற்கரையில் முன்னதாகவே கை ஓய்ந்திருக்கும். இதுவும் ஊகமே; எனினும் தேதிகளின்மேல் நிற்கும் ஊகம்.

நீண்ட ஆயுள் என்னும் ஊகத்திற்கு அந்த நிலமும் இல்லை. 1783 ஜனவரியில் பம்பாய்ப் படை பெத்னூரைப் பிடித்தது. அதை மீட்கத் திப்பு ஆர்க்காட்டுச் சீமையை விட்டு மேற்கே போனார். 1763இல் தாமே வென்று தம் செல்வத்திற்கு அடித்தளமாக்கிக்கொண்ட பெத்னூரை ஹைதர் மட்டும் கைவிட்டிருப்பாரா? அதே ஜனவரியில் ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் முதனிலைச் சமாதானத்தில் கையெழுத்திட்டன. செய்தி வந்ததும் கடலூரில் புஸ்ஸி போரை நிறுத்தினார். நரசிங்கராயன்பேட்டையில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் இவற்றில் எது நின்றிருக்கும்?

இந்தப் பேச்சு பூர்ணையாவையும் பட்னவிஸையும் மேடையிலிருந்து இறக்கிவிடுவதை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். ஆர்க்காட்டுச் சீமையின் உழவர்களை அது ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை என்பதுதான் பொறுக்க முடியாதது. 1780 ஜூலையில் கணவாய் இறங்கிய குதிரைப்படை எரித்த ஊர்கள் அவர்களுடையவை. 1782இல் சென்னைத் தெருக்களில் பசியால் விழுந்தவர்களில் அவ்வூர்களிலிருந்து ஓடிவந்தவர்களும் உண்டு. மேடையில் கைதட்டல் வாங்கும் அந்த 'இன்னும் ஓராண்டு', அவர்கள் நிலத்தில் இன்னும் ஓராண்டுப் போர்.