அத்தை இல்லாத மறையுரை

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை அடுத்த செங்கம் சாலையில் நெடுங்காலம் வாழ்ந்த எங்கள் அத்தையைச் சென்ற மாதம் அடக்கம் செய்தோம். அடக்கத் திருப்பலி முறையாக நடந்தது. கல்லறையை மந்திரித்தார்கள், ஆளுக்கொரு பிடி மண் இட்டோம். மறையுரையில் உயிர்ப்பின் நம்பிக்கை இருந்தது, அத்தை இல்லை. எங்களுள் சிலருக்கு அது மனக்குறை.

யோசித்துப் பார்க்கையில் அது குறையல்ல என்றே தோன்றுகிறது. செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே செபம் என்பதுதான் அச்சடங்கின் பெருமை. இறந்தவர் எப்படி வாழ்ந்தார் என்று சொல்லவேண்டியவர்கள் உறவினர்களாகிய நாங்கள்.

ரமணரின் தாயார் அழகம்மாள் 1922 மே 19 அன்று மறைந்தார். அவரை எரியூட்டாமல் மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். அச்சமாதியைச் சுற்றி வளர்ந்ததே ரமணாசிரமம். அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது. ஆயினும் அவர் கந்தாசிரமத்தில் சமைத்துப் பரிமாறிய கதைகளைச் சொல்லக் கேட்கும்போதுதான் அந்தத் தாய் நமக்கு நெருக்கமாகிறார்.

எங்கள் அத்தைக்கும் அப்படியொரு கதை உண்டு. பௌர்ணமி இரவுகளில் கிரிவலம் வருவோருக்காகத் திண்ணையில் தண்ணீர்ப் பானை வைத்து, செபமாலையும் கையுமாக விடியும்வரை அமர்ந்திருப்பார். தண்ணீரைச் சிந்துபவர்களைத் திட்டவும் செய்வார். முழங்கால் வலி வந்தபிறகும் இவ்வழக்கம் நிற்கவில்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்ற நாங்கள் அனைவரும் வருவோம். அதற்குமுன் வரும் பௌர்ணமிகளில் அந்தப் பானையை நிரப்ப எங்களில் யார் வரப்போகிறோம்?