பால் ஊற்றாதீர்கள்!

காக்காய்க்கு ஒரு பிடி சாதம் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட உட்கார மாட்டோம். மாமியார் காலத்துப் பழக்கம். அதனாலேயே பறவைகளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு உடைந்த கதையைத்தான் இந்தத் தடவை எழுதுகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போன சித்திரையில் கொல்லையில் இட்லிப்பூச் செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. தலையில் கறுப்புக் கொண்டை, வாலுக்கு அடியில் குங்குமம் அப்பினாற்போல் சிவப்பு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் சாயங்காலம் என் கடைசிப் பெண் பாவாடையில் எதையோ ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, குஞ்சு கீழே விழுந்துடுச்சும்மா!"

இறகே முளைக்காத குஞ்சு. வாயைப் பிளந்து பிளந்து கத்தியது. பசிக்கு அழுகிற பிள்ளையைப் பார்த்தால் நம் கை எதைத் தேடும்? பரணில் இருந்த பாலாடையை எடுத்தேன். என் மூன்று பிள்ளைகளுக்கும் புகட்டிய பாலாடை. பசும்பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து வாயில் விட்டேன். இரண்டு வாய் உள்ளே போனது. மூன்றாவதில் தலையை உதறியது, மூக்கு வழியாகக் குமிழி வந்தது. விடிவதற்குள் முடிந்துவிட்டது.

"பால் குடிச்சும் ஏம்மா செத்துப் போச்சு?" என்று பெண் கேட்டாள். பதில் தெரியவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் மாட்டு டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

"பாலாலதாம்மா செத்தது" என்றார் அவர். குருவிக்கு மாட்டுப் பால் செரிக்காதாம். அதைவிட ஆபத்து, வாயில் ஊற்றுவது. மூச்சுக் குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. பால் என்றாலும் தண்ணீர் என்றாலும் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். "அப்படியே தூக்கிக் கூட்டில வெச்சிருந்தா தாய் பாத்துக்கிட்டிருக்கும்."

"மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்களே?" என்றேன். அதெல்லாம் சும்மா என்று சிரித்தார். கூடு கலைந்து போயிருந்தால் சின்னக் கூடையில் தேங்காய் நாரைப் போட்டு, குஞ்சை வைத்து, அதே செடியில் கட்டிவிட்டு நகர்ந்துவிடலாமாம். நாம் பக்கத்தில் நின்றால் தாய் வராது. இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிற குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது. எடுத்து வந்து வளர்க்கக் கூடாது. பூனைக்கு எட்டாத கிளையில் வைத்தால் போதும். பூனை வாயிலிருந்து பிடுங்கிய குஞ்சானால் மட்டும் டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். பூனைப் பல் பட்ட காயம் சின்னதாகத் தெரிந்தாலும் பொல்லாதது.

ஆனி மாதம் அதே செடியில் மறுபடி கூடு. மறுபடி ஒரு குஞ்சு விழுந்தது. இந்தத் தடவை கூட்டில் வைத்துவிட்டு அடுப்படி ஜன்னலில் நின்றோம். குழம்பு அடிப்பிடித்தது, பரவாயில்லை. கால் மணி கழித்துத் தாய் ஒரு பச்சைப் புழுவோடு வந்தது. என் பெண் கையைத் தட்டப் போக, நான் வாயைப் பொத்தினேன்.

அந்தப் புழுவைப் பார்த்த பிறகு அவரைப் பந்தலுக்கு மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டேன். பெரிய குருவிகள் தானியமோ பழமோ தின்னும்; குஞ்சு வளரப் புழு பூச்சிதான் வேண்டும். "அவரைக்காயில் பாதி ஓட்டை" என்று இவர் முணுமுணுக்கிறார். ஓட்டையை நறுக்கித் தள்ளிவிட்டுச் சமைக்கிறேன்.

சிட்டுக்குருவிக்குக் கம்பு, தினை, நொய் போடலாம். சாதம் வைத்தால் உப்பில்லாமல், ஒரு பிடி. மிஞ்சிய மிக்சர், முறுக்குத் தூள், எண்ணெய்ப் பலகாரம் எதுவும் வேண்டாம். ராத்திரி மிச்சம் கிடந்தால் எலி வரும். கொண்டைக்குருவிக்குப் பழுத்த பப்பாளித் துண்டு போதும். கறிவேப்பிலைப் பழத்தையும் அதுவே தின்று, விதையைக் கண்ட இடத்தில் போட்டு, எங்கள் கொல்லையில் ஏழெட்டுக் கன்று முளைத்திருக்கிறது.

வெயில் காலத்தில் சோற்றைவிடத் தண்ணீர்தான் முக்கியம். அகலமான மண் தட்டில் இரண்டு விரற்கடை ஆழம், நடுவில் நிற்க ஒரு கல். புதருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பூனை பதுங்கும். தினமும் கொட்டி, நாரால் தேய்த்துக் கழுவுங்கள். விட்டால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு கிளம்பிவிடும். டெங்குக் கொசுவும் இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. தட்டைக் கழுவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். துணிக் கொடிக்கு அடியிலும் தீனி வைக்காதீர்கள். குழந்தைத் துணியில் எச்சம் விழும், நான் பட்டிருக்கிறேன்.

இப்போது மூன்றாம் தடவையாக அதே செடியில் நார் சுமந்துகொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் பூப் பறிக்கப் போவதில்லை. சுவாமிக்கு ஒரு மாதத்துக்குச் செம்பருத்திதான்.