கறுப்புத் தூசிக்குக் கணக்கு வேண்டும்!



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்திலிருந்து வருகிற நம்மில் பலருக்கு மொட்டைமாடியில் படியும் கறுப்புத் தூசி புதிதல்ல. "கம்பெனித் தூசி" என்று பெருக்கித் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். இனி அப்படிப் போகக்கூடாது என்பதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன், கேளுங்க.

பழைய இரும்பை உலையில் உருக்கும்போதும், பழுக்கக் காய்ந்த இரும்பைக் கம்பியாக உருட்டும்போதும் அது ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடு ஆகிறது. அதில் ஒன்று மேக்னடைட். சேலம் கஞ்சமலைப் பாறையில் இருப்பதும் இதுதான். இது ஃபெரைட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. 1930-ல் ஜப்பானில் கடோ, டக்கெய் என்ற இருவர் ஃபெரைட்டைச் செய்து காட்டினார்கள். ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் கறுப்பு வளையம் ஃபெரைட் காந்தம்தான். செல்போன் சார்ஜருக்குள்ளும் ஃபெரைட் உண்டு. இரும்பைப் போல மின்சாரத்தைக் கடத்தாததால் சுழல் மின்னோட்டத்தில் சூடாகி வீணாவதில்லை.

இது எப்படிக் காந்தமாகிறது? கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு பக்கம் எட்டு பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர். மிச்ச பலம்தான் ஜெயிக்கும். ஃபெரைட்டுக்குள்ளும் அணுக்காந்தங்கள் எதிரெதிராக நிற்கின்றன, ஆனால் சமமாக இல்லை. மிஞ்சுவதுதான் காந்தம். இதை 1948-ல் விளக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி நேயலுக்கு 1970-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதையே சுமார் 20 நானோமீட்டருக்கும் கீழே பொடியாக்கினால் வேடிக்கை! (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்.) காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கும், எடுத்துவிட்டால் காந்தத்தையே மறந்துடும். இந்தக் குணத்தை வைத்து எம்.ஆர்.ஐ. படத்தைத் தெளிவாக்கினார்கள். 2006-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் தண்ணீரிலிருந்து ஆர்செனிக் விஷத்தைப் பிரித்துக் காட்டினார்கள். ஜெர்மனியில் மூளைக்கட்டிக்குள் செலுத்திச் சூடாக்கி சிகிச்சையும் செய்தார்கள். நம்ம கல்பாக்கத்திலும் காந்தத் திரவ ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

சந்தோஷம்தான். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 2016-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா மேஹர் குழு, மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்தவர்களின் மூளையில் மேக்னடைட் நானோ துகள்களைக் கண்டது. பல துகள்கள் உருண்டையாக இருந்தன. அதாவது, கடும் சூட்டில் உருவாகிக் காற்று வழியே வந்தவையாக இருக்கலாம். அதனால்தான் நோய் வருகிறது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. நிரூபிக்கும்வரை சுவாசித்துக்கொண்டே இருப்போமா?

ஆஸ்பத்திரியில் இதே துகளை டாக்டர் அளந்து கொடுக்கிறார். புகைபோக்கி வழியே வருவதை நாம் அளக்காமல் வாங்கிக்கொள்கிறோம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இங்கே அளவே தெரியாதே!

"கம்பெனி இல்லாட்டி வேலை ஏது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் வகுப்பில் எத்தனையோ பேரின் அப்பா, அண்ணன் அங்கேதான் வேலை செய்கிறார்கள். மூடச் சொல்லவில்லை, தூசியைப் பிடிக்கச் சொல்கிறேன். துணிப்பை வடிகட்டி வைத்து அதை எல்லா நேரமும், ராத்திரியிலும் ஓட்டினால் முதலில் பிழைப்பது உள்ளே நிற்கும் தொழிலாளிதான். பிடித்த தூசியும் குப்பை இல்லை. அதில் இரும்பு இருக்கிறது, துத்தநாகமும் இருக்கும். கம்பி உருட்டும்போது உதிரும் செதிலைப் பொடித்துப் பக்குவம் செய்தால் ஃபெரைட் காந்தத்துக்கே மூலப்பொருள் ஆகும். காசைக் காற்றில் விடலாமா?

நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி, மொட்டைமாடித் தூசியில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். ஒட்டியதை எடை போடுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். சாதாரண மண்ணிலும் மேக்னடைட் இருக்கும். அதனால் சிப்காட்டிலிருந்து தள்ளியிருக்கும் ஊர் நண்பர்களின் மாடித் தூசியையும் எடுத்து ஒப்பிட வேண்டும். அப்போதுதான் அது அறிவியல், இல்லாவிட்டால் வெறும் புகார்.

அறிவியல் ஆசிரியர்கள் இதற்கு ஒரு பீரியட் ஒதுக்கித் தர வேண்டுகிறேன். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் காற்றின் அளவை நம் ஊர்ப் பலகையில் தமிழில் எழுதி வைக்கட்டும். நம் மூச்சுக்குள் போவது என்ன, எவ்வளவு என்று கேட்பது நம் உரிமை. கேட்போமா நண்பர்களே?

– பதினொன்றாம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு