உபயப் பட்டியலில் இல்லாத பசி

ரொறன்ரோத் தமிழர்களாகிய நமக்கு உணவு வங்கி என்று ஒன்று இருப்பது ஆண்டுக்கு இரண்டு தடவை நினைவுக்கு வரும். ஒக்டோபரில் நன்றி நவிலும் நாளை ஒட்டி ஒரு முறை, நத்தாரை ஒட்டி இன்னொரு முறை. பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடதாசி கொண்டுவரும். குசினி அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும் இரண்டு ரின்களை எடுத்துப் பையில் போட்டுவிடுவோம். நம் வீட்டில் ஒருவரும் சாப்பிடாத பூசணிக் கூழ், எப்போதோ யாரோ தந்த கிரான்பெரி சோஸ், திகதி முடியப்போகும் சூப். அத்தோடு அடுத்த ஒக்டோபர் வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதைக் கொடை என்று சொல்லிக்கொள்ள நமக்குக் கூச்சம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வரிசை என்றால் என்னவென்று அறியாத சனமா நாம்? சங்கக்கடை வாசலில் பங்கீட்டு அட்டையோடு காத்து நின்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்தவர்கள், இடம்பெயர்ந்து பள்ளிக்கூடக் கட்டடங்களில் நிவாரண அரிசியில் நாட்களை ஓட்டியவர்கள், 2009 இல் செட்டிகுளம் முகாம்களின் கம்பிவேலிக்குள் சாப்பாட்டுக்குக் கையேந்தி நின்றவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மே 18 அன்றும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி, நம் பிள்ளைகளின் கையில் கொடுத்து, இதைக் குடித்துத்தான் எங்கள் சனம் கடைசி நாட்களில் உயிர் தப்பியது என்று சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே வாரத்தில் ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்துக்கு வெளியே இழுவை வண்டியோடு நிற்கிற வரிசையைக் காரில் கடந்து போகிறோம். அதில் நிற்பவர்களில் நம்மவர்களும் உண்டு என்பது நமக்குத் தெரியும்.

ரொறன்ரோவின் பெரிய உணவு வங்கியான டெய்லி பிரெட் தொடங்கப்பட்டது 1983 இல். கறுப்பு யூலை நடந்து, நம்மவர்கள் பெருந்தொகையாக ஊரைவிட்டு வெளியேறத் தொடங்கிய அதே ஆண்டு. கொஞ்சக் காலத்துக்கான ஏற்பாடு என்று நினைத்துத்தான் அதைத் தொடங்கினார்கள். 2019 இல் ரொறன்ரோவின் உணவு வங்கிகளுக்கு ஆட்கள் வந்துபோன தடவைகள் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையான ஓராண்டில் அது ஏறத்தாழ 35 இலட்சம். நகரத்தில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் உணவு வங்கியை நம்பியிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் ரொறன்ரோ மாநகர சபை உணவுப் பாதுகாப்பின்மையை அவசரநிலையாகப் பிரகடனம் செய்தது. நம் வானொலிகளும் அதைச் செய்தியில் வாசித்துவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போயின. நாமும் கேட்டுவிட்டுப் போனோம்.

நாம் கொடுக்காத சமூகம் என்று ஒருவரும் சொல்ல முடியாது. கோயில் திருவிழா பத்து நாளும் உபயகாரர் கிடைப்பார்கள்; அன்னதானத்துக்கு அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து முற்பதிவு இருக்கும். மருத்துவமனைக்கு என்றால் நிதிசேர் நடைப்பயணம் போவோம். ஊர்ப் பாடசாலைக்குக் கட்டடம் கட்டக் காசு அனுப்புவோம். இவற்றில் ஒன்றையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இவை எல்லாவற்றிலும் நம் பெயர் வாசிக்கப்படும், அல்லது மலரில் அச்சாகும், அல்லது படத்தோடு வட்ஸ்அப்பில் சுற்றிவரும். மாதம் இருபது டொலர் உணவு வங்கியின் கணக்குக்கு ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தால் யார் அறிவார்? அதனால்தான் அது போகவில்லை. இதை வேறு காரணம் சொல்லி மறைக்க வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அங்கு வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களும் நம்மில் குறைவு. பெரிய களஞ்சியத்தில் நீளமான மேசைகள். வந்து சேரும் பெட்டிகளைக் கொட்டி, தொண்டர்கள் ஒவ்வொரு ரின்னாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள். உடம்பில் சிறிய நெளிவு என்றால் பரவாயில்லை. மூட்டிலோ விளிம்பிலோ நெளிந்திருந்தால் கழிவு. மூடி உப்பியிருந்தால் உடனடியாக அப்புறப்படுத்துகிறார்கள். "இத்திகதிக்கு முன் சிறந்தது" என்று போட்டிருப்பது தரம் பற்றிய குறிப்புத்தான். அந்தத் திகதி தாண்டிய பல உணவுகள் சாப்பிடக் கூடியவை. குழந்தைப் பால்மா போன்ற சிலவற்றுக்குத்தான் காலாவதித் திகதி, அது ஒரு நாள் தாண்டினாலும் அவற்றைக் கொடுக்கக் கூடாது. நாம் ஆசையாகச் சிப்லொக் பையில் கட்டி அனுப்பும் அரிசியும் வீட்டில் சுட்ட முறுக்கும் அந்த மேசையைத் தாண்டுவதில்லை. பிரித்துப் பொதி செய்ததையும் வீட்டுச் சமையலையும் அவர்களால் வாங்க முடியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். காசாகக் கொடுத்தால் அவர்களே மொத்த விலையில், அந்த வாரம் எது இல்லையோ அதை வாங்கிக்கொள்வார்கள் என்பதையும் சொல்லியிருப்பார்கள்.

அந்த மேசையில் வார நாள் பகலில் நிற்க ஆள் வேண்டும். டிசம்பரில் நிறுவனங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள். மற்றக் காலத்தில்தான் கை குறைவு. நம் வீடுகளில் ஓய்வுபெற்ற, திடமான எத்தனையோ பேர் காலையில் அங்காடிக் கூடத்தில் கோப்பியோடு இருந்து ஊர்ப் புதினம் பேசுகிறார்கள். பிள்ளைகளின் கதை வேறு. ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணித்தியாலச் சமூகத் தொண்டு கட்டாயம். அதை நாம் ஒரு படிவமாக்கிவிட்டோம். கோயிலிலோ நடனப் பள்ளி விழாவிலோ கதிரை அடுக்கவைத்து, தெரிந்த ஒருவரிடம் கையொப்பம் வாங்கி, நாற்பதாவது மணித்தியாலத்தோடு பிள்ளையை விடுவித்துவிடுகிறோம்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிக்கிற ஒன்று இருக்கிறது. வரிசையில் நிற்கும் நம்மவர்களை நாம் நடத்துகிற விதம். படிக்க வந்த பொடியன் ஒருவன் ஆறு பேரோடு பேஸ்மென்றில் இருந்துகொண்டு உணவு வங்கிக்குப் போனால் "ஓசிச் சாப்பாட்டுக்கு அலையுதுகள்" என்கிறோம். பென்சனில் வாடகை கட்டியபின் கையில் ஒன்றும் மிஞ்சாத ஓர் அம்மா, தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். பதிவு மேசையில் வீட்டில் எத்தனை பேர், வாடகை எவ்வளவு, வருமானம் எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். பக்கத்தில் நின்று "அம்மா, பயப்படாதேங்கோ, நான் சொல்லுறன்" என்று சொல்ல ஒரு தமிழ் ஆள் இல்லை. பெட்டியில் வந்த கடலை வெண்ணெயையும் பாஸ்ராவையும் வைத்துக்கொண்டு அவர் என்ன சமைப்பார்? அவர் சமைக்கத் தெரிந்த பருப்பும் குத்தரிசியும் மார்க்கம் வீதியில் மூட்டை மூட்டையாக விற்கும் கடைகளோ நம்முடையவை.

மண்டபங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாமத்தியச் சடங்கு, ஐம்பதாவது பிறந்தநாள் என்று எந்த விழாவிலும் தட்டுத் தட்டாக உணவு மிஞ்சிக் குப்பைக்குப் போகிறது. "கொடுத்து யாருக்கும் வருத்தம் வந்தால் வழக்குப் போடுவார்கள்" என்பது நாம் வைத்திருக்கும் காரணம். நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவரைக் காக்க ஒன்ராறியோவில் 1994 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. கெடுக்கும் நோக்கமோ பாரதூரமான அலட்சியமோ இல்லாதவரை கொடுத்தவர் பொறுப்பாளியாகமாட்டார். மிஞ்சும் உணவை மீட்டு விநியோகிக்கும் செக்கண்ட் ஹார்வெஸ்ட் இதே நகரத்தில் 1985 முதல் இயங்குகிறது. பரிமாறி மேசையில் கிடந்ததை அவர்கள் எடுக்கமாட்டார்கள். சமையற்கூடத்தில் முறைப்படி காத்து வைத்த, கை படாத தட்டுகளைப் பற்றி மண்டபக்காரர் முன்கூட்டியே பேசலாம். பேசச் சொல்லி நாம் கேட்பதில்லை. அலங்காரம் பற்றி மூன்று மாதம் பேசுகிறோம்.

விதிவிலக்குகள் உண்டு. இளையவர்கள் சிலர் மாதந்தவறாமல் பொருள் சேர்க்கிறார்கள், சில கடைக்காரர்கள் விளம்பரமின்றி அரிசி அனுப்புகிறார்கள். அவர்களின் நல்ல பெயருக்குப் பின்னால் மற்ற நாம் ஒளிந்துகொண்டிருக்கிறோம். உணவு வங்கிகளோ பல ஆண்டுகளாகவே, இதற்குத் தீர்வு தங்களிடம் இல்லை, வாடகையும் சமூக உதவித் தொகையும் சரியானால்தான் வரிசை குறையும் என்று சொல்லி வருகின்றன. நாடாளுமன்றத்திலும் மாகாண சபையிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்க்கிறோம். உதவித் தொகை ஏன் வாடகைக்கே காணாது என்று ஒரு தரமும் கேட்டதில்லை.

சனவரி தமிழ் மரபுத் திங்கள். வார இறுதி தோறும் பொங்கல் விழா, மேடை, பேச்சு. நத்தார்க் கொடை ஓய்ந்து, களஞ்சியத் தட்டுகள் இறங்கத் தொடங்குவதும் அதே சனவரியில்தான். வருகிற தையில் ஒவ்வொரு பொங்கல் விழாவும் தன் மண்டபச் செலவில் பத்தில் ஒரு பங்கை அந்தப் பகுதி உணவு வங்கிக்குக் காசாகக் கொடுக்கட்டும். கோயில்கள் உபயப் பட்டியலில் மாதம் ஒரு நாளை அதற்கென ஒதுக்கட்டும். பதிவு மேசையில் தமிழ் பேச வாரத்தில் ஒரு காலை வரக்கூடியவர்கள், பனி கொட்டத் தொடங்கும் முன், இந்தக் கிழமையே தொலைபேசி எடுத்துப் பெயர் கொடுக்கலாம்.