ஊருக்கு இளைச்சவன் ஹார்ட் டிஸ்க்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், போன மே மாசம் முழுக்க வீட்டுல ஒரு பொட்டியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். அந்தக் கதையும், அதுல இருந்து எனக்கு வந்த ஒரு கோபமும்தான் இந்தப் பதிவு. டெக்னிக்கல் சமாசாரம் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

கோபம் என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். ஸ்டோரேஜ்ல எது கெட்டாலும் நாம எல்லாரும் கை நீட்டறது ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்துத்தான். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு சொல்வாங்களே, அந்த ஆண்டி நிலைமைதான் டிஸ்க்குக்கு. கேபிள், கன்ட்ரோலர் கார்டு, பவர் சப்ளை எல்லாம் பெரிய மனுஷங்க மாதிரி ஓரமா நிப்பாங்க. அவங்களை யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டோம்.

சரி, கதைக்கு வருவோம்.

சென்னை வீட்டுல பரண் மேல, கொலு பொம்மை டப்பாவுக்குப் பக்கத்துல என்னோட சர்வர் இருக்கு. நாலு 4 டெராபைட் டிஸ்க். இசட்.எஃப்.எஸ். போட்டு, ஒரு டிஸ்க் செத்தாலும் தாங்கற மாதிரி ரெய்டு-இசட் 1 அமைப்பு. பழைய சர்வர்ல இருந்து கழட்டி வித்த கன்ட்ரோலர் கார்டு ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, அதுல இருந்து ஒண்ணு நாலாப் பிரியற கேபிள் வழியா டிஸ்க்குகளை மாட்டியிருந்தேன். சினிமா, பாட்டு, கல்யாண வீடியோ எல்லாம் உண்டு. அதெல்லாம் போனா போகட்டும். ஆனா அதுக்குள்ள ஒரு ஃபோல்டர்ல எங்க ஆச்சி குரல் இருக்கு. 2015-ல காலேஜ் லீவுக்குத் திருநெல்வேலி போனப்போ, ஆச்சியை உக்கார வச்சுப் பேச விட்டு போன்ல பதிஞ்ச பதினோரு ஃபைல். ரெண்டு வருஷத்துல ஆச்சி போயிட்டாங்க. அந்த போனும் என்னிக்கோ போயிடுச்சு. பாக்கி இருந்தது அந்த நாலு டிஸ்க்ல மட்டும்தான்.

மே மாசம் ஒரு நாள் மெயில் வந்துச்சு: மூணாவது டிஸ்க் ஃபால்ட்டட். நான் என்ன பண்ணேன்? எல்லாரும் பண்றதைத்தான். டிஸ்க்கைக் கழட்டி எடுத்துக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் ஓடினேன். கடைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. "போயிருக்கும் சார், புதுசு போட்டுக்கோங்க"ன்னார். போட்டேன். மத்த மூணு டிஸ்க்கையும் படிச்சு, புதுசுல எழுத ஆரம்பிச்சது. ரெண்டு மணி நேரத்துல புது டிஸ்க்லயும் எரர். கொஞ்ச நேரத்துல நாலாவது டிஸ்க்கும் காணோம். ஒரு டிஸ்க் போனாத் தாங்கற அமைப்புல ரெண்டு போச்சுன்னா என்ன ஆகும்? திரையில 'சஸ்பெண்டட்'னு வந்து நின்னுச்சு.

அன்னிக்கு ராத்திரி அப்பா எட்டிப் பார்த்து, "ஏல, ஆச்சி பேசுனது இருக்குல்லா?"ன்னு கேட்டார். "இருக்குப்பா"ன்னேன். இருக்கான்னு எனக்கே தெரியாது.

தூக்கம் வரலை. அப்பதான், முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னோட உடம்பு எப்படி இருக்குன்னு ஸ்மார்ட்னு ஒரு பட்டியல் வச்சிருக்கும். அதுல 5, 197, 198-ங்கற வரிகள் டிஸ்க்கோட தட்டைப் பத்தினது. கெட்டுப்போய் மாத்தின செக்டர், சந்தேகத்துல இருக்கற செக்டர், படிக்கவே முடியாத செக்டர். இதெல்லாம் ஏறினா டிஸ்க்குக்குத்தான் உடம்பு சரியில்லை. 199-ன்னு ஒரு வரி இருக்கு, சி.ஆர்.சி. எரர். டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவுல போற தகவல் வழியில சிதைஞ்சா இது ஏறும். தபால்காரர் வழியில லெட்டரை நனைச்சுட்டாருன்னு அர்த்தம், எழுதினவர் மேல தப்பில்லை.

நான் "செத்துப்போச்சு"ன்னு கழட்டின டிஸ்க்ல 5, 197, 198 மூணுமே பூஜ்யம். 199-ல 214. கடையில இருந்து வந்து ஒரு நாள்கூட ஆகாத புது டிஸ்க்ல அதே 199, அதுக்குள்ள 37.

அப்புறம்தான் ஒழுங்கா யோசிச்சேன். பழைய டிஸ்க்கை மதர்போர்டுல இருக்கற சாட்டா போர்ட்ல நேரா மாட்டி, எதையும் எழுதாம முழுசாப் படிக்க மட்டும் விட்டேன். ஒரு எரர் இல்லை. நல்லா இருந்த முதல் டிஸ்க்கை அந்த மூணாவது கேபிள்ல மாட்டினேன். 199 ஏற ஆரம்பிச்சது. ஆக, தப்பு டிஸ்க்கோட போகலை, கேபிள்லயே இருக்கு. கேபிளை மாத்தினேன், 199 நின்னுச்சு. (இந்த எண்ணிக்கை திரும்ப பூஜ்யம் ஆகாது. மேற்கொண்டு ஏறுதான்னுதான் பார்க்கணும்.)

அத்தோட முடியலை. நாப்பது நிமிஷம் நல்லா ஓடிட்டு, திடீர்னு நாலு டிஸ்க்கும் ஒரே நேரத்துல மறைஞ்சுது. நாலு டிஸ்க் பேசி வச்சுக்கிட்டு ஒரே நொடியில சாகாது. நாலுக்கும் பொதுவானது எதுவோ அதுதான் குற்றவாளி. ஒண்ணு கார்டு, இல்லைன்னா பவர். கார்டு மேல இருக்கற ஹீட் சிங்க்கைத் தொட்டேன், தோசைக்கல் மாதிரி சுட்டுச்சு. அந்த மாதிரி கார்டு எல்லாம், சர்வர் பொட்டிக்குள்ள ஃபேன் சூறாவளி மாதிரி காத்து அடிக்கும்னு நம்பிச் செஞ்சது. நான் அதைக் கொண்டுபோய் மொட்டை மாடிக்கு நேர் கீழ, மே மாசத்துல, பரண்ல வச்சிருக்கேன்! ஒரு சின்ன 40 மில்லிமீட்டர் ஃபேன் வாங்கி ஹீட் சிங்க் மேல கட்டினேன். பொட்டியையும் பரண்ல இருந்து இறக்கியாச்சு. மறுபடி ஓட விட்டேன். விடிய விடிய ஓடி முடிஞ்சது. எரர் இல்லை.

பதினோரு ஃபைலும் இருந்துச்சு. அப்பா முதல் ஃபைலைக் கேட்டுட்டு, ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போயிட்டார்.

இப்ப என் கட்சிக்கு வர்றேன். இது என் ஒருத்தன் அனுபவம் மட்டும் இல்லை. 2008-ல இல்லினாய் பல்கலைக்கழகமும் நெட்ஆப்பும் சேர்ந்து, சுமார் 39,000 ஸ்டோரேஜ் சிஸ்டம், 18 லட்சம் டிஸ்க், 44 மாசத் தகவலை அலசி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. சிஸ்டத்தோட ரகத்தைப் பொறுத்து, கோளாறுகள்ல டிஸ்க்கால வந்தது 20-ல இருந்து 55 சதவீதம். இணைப்புகளால வந்தது 27-ல இருந்து 68 சதவீதம். பெரிய கம்பெனிகளோட டேட்டா சென்டர்லயே இந்தக் கதைன்னா, நம்ம பரண்ல கேட்கவா வேணும்?

"டிஸ்க் விலை என்ன பெருசா, சந்தேகம்னா மாத்திட்டுப் போயேன்"னு நண்பன் ஒருத்தன் கேட்டான். தப்பு இங்கதான். டிஸ்க்கை மாத்தினா மத்த எல்லா டிஸ்க்கும் மணிக்கணக்கா மூச்சு முட்ட ஓடும். கேபிளோ கார்டோ ஆடிக்கிட்டு இருக்கும்போது அதைச் செய்யறது, விரிசல் விட்ட பாலத்துல சோதனைக்கு லாரி விடற மாதிரி. எனக்கு ரெண்டாவது டிஸ்க் போனது அதனாலதான். சும்மா விட்டு ஒரு ராத்திரி யோசிச்சிருந்தா அது நடந்திருக்காது.

அதுக்காக டிஸ்க் எப்பவும் உத்தமன்னு சொல்ல வரலை. கூகிள் 2007-ல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்கை ஆராய்ஞ்சதுல, செத்துப்போனதுல 36 சதவீதத்துக்கு மேல, வெப்பநிலையைத் தவிர ஸ்மார்ட்ல எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருக்கு. ஸ்மார்ட் சுத்தமா இருந்தா டிஸ்க் நல்லதுன்னு சத்தியம் பண்ண முடியாது. இன்னொரு கூத்தும் உண்டு. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரைப் படிக்க நிமிஷக்கணக்குல முட்டி மோதும். லினக்ஸ் வழக்கமா 30 நொடிதான் பொறுக்கும், அப்புறம் ரீசெட் பண்ண ஆரம்பிக்கும். ஒரு செக்டர் கெட்டதுக்கு மொத்த டிஸ்க்கும் வெளியே போயிடும். ஸ்டோரேஜுக்குன்னு விக்கற டிஸ்க் பொதுவா 7 நொடியில கை விரிச்சுடும், அதனால தப்பிக்கும். நான் சொல்றது இவ்வளவுதான்: தண்டனைக்கு முன்னாடி விசாரணை நடக்கட்டும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. தப்பு டிஸ்க்கோட நகருதா, கேபிள்லயே நிக்குதான்னு பாருங்க.

கடைசியா என்னையே நான் திட்டிக்கணும். நாலு டிஸ்க் இருக்கே, பத்திரம்னு நெனச்சேன். நாலும் ஒரே கார்டு, ஒரே கேபிள், ஒரே பவர் சப்ளை, ஒரே பரண். நாலு காவல்காரன் போட்டு நாலு பேரையும் ஒரே கயித்துல கட்டி வச்ச கதை. ரெய்டுங்கறது பேக்கப் இல்லைன்னு ஆபீஸ்ல ஜூனியர் பசங்களுக்கு வாய் கிழிய கிளாஸ் எடுக்கறவன் நான். வெட்கமாத்தான் இருக்கு.

இப்ப ஆச்சி பேசினது மூணு இடத்துல இருக்கு. ஒண்ணு அந்தப் பொட்டியில. ஒண்ணு தனி டிஸ்க்ல, அப்பா பீரோவுக்குள்ள. ஒண்ணு திருநெல்வேலியில அத்தை வீட்டுல. அத்தை தினமும் ஒரு ஃபைல் போட்டுக் கேக்குறாங்களாம்.

டிஸ்கி: நான் "செத்துப்போச்சு"ன்னு கழட்டின அந்தப் பழைய டிஸ்க்தான் இப்ப அப்பா பீரோவுல இருக்கு. :)